உப்பு கசியும் நேரத்தைச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள தூத்துக்குடி அண்ணாச்சிக்கும், அக்காமார்களுக்கும், தம்பிக்கும்,

வணக்கம். நான் சென்னை திரும்பிப் பத்து நாளாகிறது. தினமும் காலையில் உங்கள் அலுவலக சர்வரின் நிலையைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. நான்கு டிஸ்க்கிலும் பச்சை விளக்கு. பத்து விடியற்காலை கடந்தும் ஒரு அலாரம்கூட அடிக்கவில்லை. அதை உறுதி செய்துகொண்டு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

இரண்டு நாள் வேலை என்று சொல்லித்தான் என்னை முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டார்கள். சர்வரில் மூன்றாம் இடத்து டிஸ்க் அடிக்கடி கழன்றுகொள்கிறது, மாற்றிவிட்டு வா என்றார்கள். வந்து பார்த்தால் ஏற்கெனவே மூன்று முறை புது டிஸ்க் போட்டிருக்கிறார்கள். தகவலை எல்லா டிஸ்க்கிலும் பகிர்ந்து வைக்கும் ரெய்டு 5 அமைப்பு அது. நான்கு டிஸ்க்கில் ஒன்று போனால் தாங்கும். அது சரியாவதற்குள் இன்னொன்றும் போனால் அத்தனை வருடத்துக் கணக்கும் போய்விடும். அதனால் எதையும் தொடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் பிரதி எடுக்க வேண்டும் என்றேன். 2 டிபி (டெராபைட்) தகவல், ஆறு மணி நேரம் பிடிக்கும், அதுவரை யாரும் உள்ளே வேலை செய்யக் கூடாது. மாதக் கணக்கு முடிக்கும் நாள் அது. கணக்குப் பிரிவு அக்கா, நீங்கள் ஒரு வார்த்தை முகம் கோணாமல் பழைய பில் புத்தகத்தை எடுத்து வைத்துக் கையால் எழுத ஆரம்பித்தீர்கள். அந்த ஆறு மணி நேரம் கிடைத்திராவிட்டால் அடுத்த நாட்களில் நான் செய்த எந்தச் சோதனையையும் துணிந்து செய்திருக்க முடியாது. முதல் நன்றி உங்களுக்கு.

இரண்டாம் நாள் சாயங்காலம் சர்வரை நிறுத்தி, மூன்றாம் இடத்து டிஸ்க்கை நான்காம் இடத்திலும் நான்காவதை மூன்றிலும் மாற்றிச் செருகினேன். கோளாறு டிஸ்க்கோடு நகர்ந்தால் டிஸ்க் கெட்டது, இடத்திலேயே நின்றால் டிஸ்க்கின்மேல் குற்றமில்லை. விடியற்காலையில் அலாரம் அடித்தது. மூன்றாம் இடம்தான். பாவம், முன்பு கழற்றிப் போட்ட டிஸ்க்குகள் ஒன்றும் கெட்டிருக்கவில்லை. மறுநாள் கேபிளை மாற்றினேன். மறுபடியும் விடியற்காலையில் அதே கூச்சல். பகல் முழுக்க ஒழுங்காக ஓடும் ஒரு பெட்டி விடியும்போது மட்டும் ஏன் சாய்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவை, லாக்கை, பார்க்கலாம் என்றால் உள்ளே இருந்த பொத்தான் பேட்டரி தீர்ந்து, தேதியும் நேரமும் தாறுமாறாகக் கிடந்தன.

வாட்ச்மேன் அண்ணாச்சி, அந்த நாலரை மணிக்குக் கருப்பட்டிக் காப்பியோடு மாடி ஏறி வந்தீர்களே, அதை நான் மறக்கவே மாட்டேன். கையில் உங்கள் ராத்திரி நோட்டு. ஐப்பசி மழை தொடங்கிய நாளிலிருந்து இந்த அறைக்குள் அலாரம் கேட்ட நேரத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தீர்கள். மூன்றரைக்கும் ஆறுக்கும் நடுவில்தான் எல்லாமே. "ராத்திரி ஏசிய அமத்திட்டுப் போயிருதாவ தம்பி. விடியக்காலம் உப்பு கசியும். அந்நேரந்தான் இது கத்துது" என்றீர்கள். இருபது வருடம் உப்பளத்தில் உப்பு வாரிய கை. அளத்தில் குவித்த உப்பு எந்த நேரத்தில் ஈரம் கோக்கும், எப்போது பனையோலை மூட வேண்டும் என்று தெரிந்தவர். நீங்கள் சொன்ன பிறகுதான் அறையைச் சரியாகப் பார்த்தேன்.

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த வெள்ளத்துக்குப் பிறகு கீழே இருந்த சர்வரை மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் மாடி அறை கடலைப் பார்த்தது. ஜன்னல் ஏசியைச் சுற்றிக் கை நுழையும் அளவுக்குச் சந்து. பகலெல்லாம் அதன் வழியே உப்புத் தூசி வந்து படியும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் கறியுப்பே தானாக நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் அதற்கும் முன்னாலேயே இழுக்கும். சர்வர் முன்பக்கமாகத்தான் காற்றை உறிஞ்சுகிறது. டிஸ்க்குகளைக் கடந்ததும் அந்தக் காற்று மோதுவது அவை போய்ச் செருகும் பேக்பிளேன் தகட்டில். உள்ளே இருக்கும் பிராசஸர் பக்கம் சூடாக இருப்பதால் அங்கே ஈரம் நிற்காது. இங்கே நிற்கும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம்.

மொபைல் சர்வீஸ் கடைத் தம்பி, கடை திறந்ததும் முதல் ஆளாக நான் வந்து நின்றேன். கையிலிருந்த வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, கழற்றி வந்த தகட்டை உங்கள் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்தீர்கள். மூன்றாம் இணைப்பின் பின்களுக்கு நடுவே வெள்ளைப் பொருக்கு, அதன் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு. கோயில் செம்புப் பாத்திரத்தில் பார்க்கும் அதே களிம்பு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு ஒன்றரை மணி நேரம் பொறுமையாகச் சுத்தம் செய்து, சூடு குறைத்து ஊதி உலர்த்திக் கொடுத்தீர்கள். காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். எனக்குத் தொழில் இதுதான், ஆனாலும் அந்த வேலையை உங்கள் அளவுக்கு நேர்த்தியாக நான் செய்திருக்க மாட்டேன்.

களிம்பு தின்ற பின்னை நம்பி விட்டுப் போக மனம் வரவில்லை. சென்னையில் எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணன் அன்றைக்கே புதுத் தகட்டைத் தேடிப் பிடித்து ஆம்னி பஸ் பார்சலில் போட்டுவிட்டார். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்திராத வாரம், பார்சல் எடுக்கவே ஆள் இல்லாத நேரம். டிரைவரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கொடுத்தேன் என்று பிறகுதான் சொன்னார்.

ஐந்தாம் நாள் இரவு புதுத் தகட்டில் டிஸ்க்கைச் செருகி ரீபில்டு போட்டேன், மற்ற மூன்றையும் வைத்து அதன் தகவலைத் திரும்ப எழுதும் வேலை அது. 4 டிபி டிஸ்க், பதினோரு மணி நேரம். அன்றைக்கு நல்ல மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். மெஸ் அக்கா, நான் சாப்பிட வரவில்லை என்று கவனித்து, தூக்குச்சட்டியில் சோறும் சாளைக் குழம்பும் கொடுத்து மகனை அனுப்பினீர்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு வயிறு சரியில்லாமல் கிடந்தபோதும், கேட்காமலே சீரக மோரும் இஞ்சித் துவையலும் வந்தன. வெளியூரில் வேலைக்குப் போய் இந்தப் பதினொரு வருடத்தில் எத்தனையோ லாட்ஜில் தங்கியிருக்கிறேன். யாரும் என் வயிற்றை விசாரித்ததில்லை.

ஏசியைச் சுற்றியிருந்த இடைவெளியை ஃபோமும் சிலிக்கானும் வைத்து அடைத்தாயிற்று. ராத்திரியும் ஏசி ஓட நிர்வாகம் சம்மதித்துவிட்டது. சுவரில் மாட்டிய ஈரமானி 60ஐத் தாண்டினால் எனக்கு ஒரு போன் போடுங்கள் அண்ணாச்சி, எந்த நேரமானாலும் சரி. நோட்டில் எழுதுவதையும் விட்டுவிடாதீர்கள்.

அக்கா, உங்கள் தூக்குச்சட்டி என் பையோடு சென்னைக்கு வந்துவிட்டது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் சர்வீஸுக்கு வருவேன், கையோடு கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து வந்த ஹார்டுவேர் தம்பி