பட்டாவிலேயே சொற்களின் பொருளையும் அச்சிடுங்கள்

தமிழ்நாடு வருவாய்த் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

இன்று பட்டாவை இணையத்திலேயே எடுத்துவிட முடிகிறது. அலைச்சல் குறைந்தது, அதற்கு நன்றி. ஆனால் எடுத்த தாளில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ள இன்னமும் யாரையாவது தேடித்தான் போக வேண்டியிருக்கிறது.

ஊரில் நிலத்தை ஏக்கர், சென்ட் என்றுதான் பேசுவோம். பட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஏர். ‘0 - 40.50’ என்றிருந்தால் அது ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். இந்த ஒரு வரியைத் தாளின் அடியில் போட்டுவிட்டால், நிலம் குறைந்துபோச்சோ என்று யாரும் பதற மாட்டார்கள். நன்செய், புன்செய்க்கெல்லாம் விளக்கம் வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும்.

கூட்டுப் பட்டாதான் பெரிய சிக்கல். பட்டாவில் பெயர் வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். நாலு பேர் பெயர் இருக்கும் தாள், யார் பங்கு எந்தப் பக்கம் என்று சொல்லாது. அளந்து உட்பிரிவு செய்தால்தான் தனிப் பட்டா. நிலத்தை விற்கப் போகும்போதுதான் இது தெரியவருகிறது. அதற்குள் அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சே நின்றுபோயிருக்கும். அப்புறம், பத்திரம் பதிந்தாயிற்றே, பட்டா எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பத்திரமும் வில்லங்கச் சான்றும் பதிவுத் துறையுடையவை, பட்டாவும், பயிர் விவரம் எழுதும் அடங்கலும் உங்களுடையவை என்பதையாவது தெளிவாகச் சொல்லுங்கள்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது ‘புறம்போக்கு’ என்ற சொல்லின் கதி. தீர்வை, அதாவது நிலவரி, விதிக்காமல் அரசிடமே இருக்கும் நிலம் அது. ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு என்று ஊரே சேர்ந்து அனுபவிக்கும் இடங்கள் அதில்தான் வருகின்றன. ஆளைத் திட்டுவதற்கு அந்தச் சொல்லை எடுத்துப் பழகியதில், யாருக்கும் வேண்டாத நிலம் என்றே மனதில் பதிந்துவிட்டது. ஏரிக்கரையில் ஒருவர் வேலி போட்டால் ‘புறம்போக்குதானே’ என்று ஊர் சும்மா இருக்கிறது. அது தன் ஆடுமாடு மேய்ந்த இடம், தன் கிணற்றுக்கு ஊற்று தந்த இடம் என்று தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா?

கேட்பது இதுதான். பட்டாவின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அதில் இந்தச் சொற்களுக்கெல்லாம் சொல்லுக்கொரு வரி, பேச்சு வழக்குக்குப் பக்கமான தமிழில். வருவாய்க் கணக்கு ஆண்டான பசலியையும் விட்டுவிடாதீர்கள்: பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு, ஜூலை முதல் ஜூன் வரை. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இதையே ஆண்டுதோறும் ஜமாபந்தியில் ஒருவர் சத்தமாகப் படித்துச் சொல்லட்டும். ஊர்க் கணக்கை எல்லாம் சரிபார்க்கும் நாள் அது, மனுவோடு ஜனங்களும் வந்து நிற்பார்கள். அடுத்த ஜமாபந்தியிலேயே தொடங்கிவிடலாம்.