செயலாளர் ஆண்டறிக்கை: பூச்சிமருந்தும் பெண்களின் கர்ப்பப்பை நலனும்

தலைவர் அவர்களுக்கும், சாயல்குடி முதல் தொண்டி வரையுள்ள ஊர்களிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கை ஒரே பொருளைப் பற்றியது.

ஸ்பிரேயரைத் தோளில் மாட்டுவது பெரும்பாலும் ஆண்கள். டேங்குக்குத் தண்ணீர் சுமப்பதும், மருந்தைக் கலக்கித் தருவதும், மறுநாளே முண்டு மிளகாய்ப் பழம் எடுக்க இறங்குவதும், அந்தச் சட்டையைத் துவைப்பதும் நாம். மருந்து நம் உடம்பில் ஏறுவது பெரும்பாலும் தோல் வழியாகத்தான்.

சில மருந்துகள் ஹார்மோன்களைக் குழப்புகின்றன. மாதவிடாய் தவறுதல், கரு தங்கத் தாமதம், கருக்கலைவு, எடை குறைந்த பிரசவம் ஆகியவற்றோடு பூச்சிமருந்துக்குத் தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்லாக் கருக்கலைவுக்கும் மருந்தே காரணம் என்று சொல்லவில்லை. ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டையும் பரிசோதிக்க வேண்டும். ஆனால் சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் கரு உண்டான சுமார் 28 நாளில் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதைப் பலரும் கவனிப்பதே அந்தச் சமயத்தில்தான். ஆகவே கர்ப்பம் தெரிந்தபின் ஒதுங்கினால் போதும் என்ற பழக்கத்தைச் சங்கம் ஏற்கவில்லை. கருத்தரிக்கும் வயதிலுள்ள எந்தப் பெண்ணும் மருந்து கலக்கக் கூடாது.

கலக்கும்போதுதான் ஆபத்து அதிகம். தண்ணீர் சேராத மருந்து ஒரு சொட்டு பட்டாலும் கெடுதல். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும்; நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைதான் வேண்டும். முந்தானையை மூக்கில் கட்டினால் ஆவி நிற்காது, நனைந்தால் இன்னும் மோசம். வெற்றிலை போடுமுன் கை கழுவ, வரப்பில் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் தனியே இருக்கட்டும். நம் கரையில் தண்ணீர் அருமை என்பது தெரியும். இந்தக் குடத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மருந்துச் சட்டையை ஊருணியிலோ மணல் ஊற்றருகிலோ அலசாதீர்கள். தனி வாளியில் ஊறவைத்து, இருமுறை சோப்புப் போட்டு, வெயிலில் உலர்த்துங்கள்.

மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். (தண்ணீரில் கரையும் 36 சதவீதத் திரவம்) என்ற பூச்சிமருந்தை மத்திய அரசு 2023-இல் தடை செய்தது. பழைய பாட்டில் வீட்டில் இருந்தால் தொடாதீர்கள். காலி பாட்டிலில் எண்ணெயும் ஊற்றக் கூடாது.

தலைசுற்றல், எச்சில் ஊறல், கண்மணி சுருங்கல் கண்டால் உடைகளைக் களைந்து, உடம்பைச் சோப்பால் கழுவி, 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பாட்டில் லேபிளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வரும் ஆண்டு நில உரிமையாளர்களிடம் கேட்கப்போவது இரண்டு. கையுறை அவர்கள் செலவு. மருந்தடித்த வயலின் வரப்பில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். லேபிளில் சொன்ன நாள் கழிந்தபின் அதை அவிழ்த்த பிறகே பழம் எடுக்க இறங்குவோம்.