செயலாளரின் ஆண்டறிக்கை: தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வியும் ஓடியாடிக் கற்றலும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, விடுமுறை நாளிலும் வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் இருக்கின்றன, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். ஆகவே அவற்றில் நேரம் எடுத்துக்கொள்ளாமல், இந்த ஆண்டு நம் வேலையின் போக்கையே மாற்றிய ஒரு பிற்பகலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டின் தொடக்கத்தில், ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பின் விளையாட்டு பீரியடைப் பார்க்க உறுப்பினர்கள் இருவரோடு போயிருந்தேன். 40 நிமிடப் பாடவேளை, 38 பிள்ளைகள், ஒரே ஒரு பந்து. வரிசையில் நிற்க வைத்து, இரண்டு அணியாகப் பிரித்து, பந்தால் அடிபட்டவர் அவுட் என்று ஆட்டம் தொடங்கியது. முதல் எறியிலேயே ஒரு சிறுமி அவுட். மறுபேச்சில்லாமல் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். என் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. வகுப்பு முழுவதையும் விட்டுவிட்டு அவள் ஒருத்தியின் நேரத்தை மட்டும் கணக்கெடுத்தேன். வகுப்பறையிலிருந்து மைதானத்துக்கு நடந்து வந்ததையும் சேர்த்து, அந்த 40 நிமிடத்தில் அவள் உடம்பு அசைந்தது 6 நிமிடம். மீதி நேரம் சிறு கற்களைப் பொறுக்கி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை, முகம் வாடவும் இல்லை. சுவரோரத்தில் அவளுக்கு வழக்கமான இடமே ஒன்று இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது.

ஆசிரியரைக் குறை சொல்ல இதை இங்கே சொல்லவில்லை. அவர் வகுப்பாசிரியர். உடற்கல்விப் பயிற்சி அவருக்கு யாரும் கொடுத்ததில்லை, கையில் இருந்ததும் ஒரு பந்துதான். குறை ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பந்தைக் கண்டு விலகத் தெரியாத, பிடிக்கத் தெரியாத பிள்ளைதான் முதலில் அவுட் ஆகிறது. அவுட் ஆனதும் அதற்குப் பயிற்சி நின்றுபோகிறது. அடுத்த வாரமும் அதே பிள்ளைதான் முதலில் வெளியே போகும். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ, அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கும்படி ஓர் ஆட்டத்தை வைத்துக்கொண்டு அதற்கு உடற்கல்வி என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

அந்த மாதச் செயற்குழுவில் நெடுநேரம் பேசினோம். இத்தனை ஆண்டுகளாக நாம் செய்துவந்தது என்ன? விளையாட்டு விழாக்களுக்குக் கோப்பையும் கேடயமும் கொடுத்தோம். ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வரும் பிள்ளை நாம் கொடுக்காவிட்டாலும் ஓடும். சுவரோரத்துப் பிள்ளைக்கு நாம் எதுவுமே செய்ததில்லை. அந்தக் கூட்டத்தில் கேடயங்களை நிறுத்தி, அந்தத் தொகையைப் பந்துகளுக்கும் கயிறுகளுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் திருப்புவது என்று தீர்மானம் நிறைவேறியது. இரண்டு உறுப்பினர்கள் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. பரிசு வாங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில் கிடைக்கும் நிறைவு பெரியது. என்றாலும் தீர்மானம் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலியக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் இயக்கமும் வேண்டும். அதே நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்கு இந்த அளவு இயக்கம் கிடைப்பதில்லை. பதினொரு வயதில் யாரும் திடீரென்று உட்கார்ந்துவிடுவதில்லை. ஆறிலும் ஏழிலும் சுவரோரம் உட்காரப் பழகியவர்கள்தான் பிறகு அந்தக் கணக்கில் வருகிறார்கள்.

இனி, செய்த வேலைகள்.

எங்கள் முதல் முயற்சி வகுப்பாசிரியர்களுக்கான பயிற்சி. எறிவது, பிடிப்பது, தாவுவது, ஒற்றைக் காலில் நிற்பது எல்லாம் வளர வளரத் தானாக வந்துவிடும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. அப்படி வருவதில்லை, எழுத்தைப் போல அவற்றையும் சொல்லித்தர வேண்டும். வலது கையால் எறியும் பிள்ளை வலது காலையே முன்னால் வைக்கும். அப்போது இடுப்பு திரும்பாது, பந்தும் நாலடி தள்ளி விழும். தரையில் சாக்பீஸால் பாதம் வரைந்து, இடது காலை அதில் வைத்து எறியச் சொன்னோம். பந்தின் வீச்சு அன்றைக்கே கூடியது. பிடிப்பதில் சிக்கல் வேறு மாதிரி. பந்து வரும்போது பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக மூடிவிடும். பயம்தான் காரணம். அந்தப் பிள்ளைக்கு முதலில் பலூன், அடுத்து துணிச் சுருள், அதற்கும் பிறகு பழைய செய்தித்தாளைக் கசக்கி டேப் சுற்றிய பந்து. மெதுவாக வருகிற பொருளைக் கடைசிவரை பார்த்துப் பழகிய கண், வேகமாக வரும் பந்துக்கும் மூடிக்கொள்ளாது.

ஆட்ட விதிகளையும் மாற்றினோம். அவுட் ஆனவர் எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டு ஓடிவந்து மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். பெரிய அணிகளைக் கலைத்து நான்கு நான்கு பேராக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பந்து கொடுத்தோம். வரிசையில் நிற்பதைக் கூடியவரை குறைத்தோம். ஆசிரியர் விளக்கம் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

ஆறு வாரம் கழித்து அதே மூன்றாம் வகுப்புக்குப் போனேன். அந்தச் சிறுமிக்கு ஸ்டாப்வாட்ச் 23 நிமிடம் காட்டியது. இரண்டு கையாலும் ஒரு பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த பந்தைத் தவறவிட்டாள், அதை எடுத்துவர ஓடினாள். அந்த ஓட்டத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்தது ஓடியாடிக் கற்றல். உட்கார்ந்த இடத்திலேயே படிக்கிற பாடத்தை, உடம்பையும் சேர்த்துக்கொண்டு படிப்பது. இதற்கு நாங்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது நெதர்லாந்தில் க்ரோனிங்கன் ஆய்வாளர்கள் 12 தொடக்கப் பள்ளிகளில் இரண்டு ஆண்டுகள் நடத்திய சோதனை. கணக்கு விடையைக் குதித்துச் சொல்வது, சொல்லை எழுத்தெழுத்தாகக் குதித்துக் கூட்டுவது என்று வாரத்தில் சில பாடவேளைகள் நடந்தன. 2016-இல் முடிவு வெளியானது. அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் எழுத்துப் பிழையின்றி எழுதுவதிலும் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். வாசிப்பில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பெற்றோரிடம் இதைச் சொல்லும்போது வாசிப்பைப் பற்றிய வரியை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்ல காரியத்துக்காக என்றாலும் கூட்டிச் சொன்னால் நம் பேச்சுக்கு மதிப்புப் போய்விடும்.

நம் அனுபவத்தில் ஒன்று. தரையில் 0 முதல் 20 வரை எண்கோடு வரைந்து, 7-இல் நிற்கும் பையனிடம் நான்கு கூட்டச் சொன்னோம். தான் நிற்கும் கட்டத்தையே ஒன்று என்று எண்ணி, மூன்றே குதியில் 10-இல் போய் நின்றான். நோட்டில் 7+4=10 என்று எழுதியிருந்தால் கவனக் குறைவு என்று சுழித்திருப்போம். தரையில் அவன் எங்கே தப்பினான் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரிந்தது. “நிக்கிற இடத்தை எண்ணாதடா, குதிச்சா எண்ணு” என்று பக்கத்துப் பையனே சொல்லிக்கொடுத்துவிட்டான். விடையைச் சொல்லிவிட்டுப் பத்து முறை குதிப்பது தூக்கத்தைக் கலைக்கும், அவ்வளவுதான். இந்தக் குதியோ கணக்கையே சுமந்துகொண்டு போகிறது. பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களிடம் நான் வலியுறுத்துவது இந்த வேறுபாட்டைத்தான்.

எல்லா இடத்திலும் வெற்றி கிடைக்கவில்லை. ஒரு பள்ளியில் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்து, மூன்றாவது வாரமே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். தவறு நம்முடையது. தலைமையாசிரியரிடம் மட்டும் அனுமதி வாங்கினோமே தவிர, பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகள் சட்டென்று அடங்குவதற்கு ஒரு சைகையையும் முன்கூட்டியே பழக்கவில்லை. இன்னொரு இடத்தில் ஈரமான சிமென்ட் தரையில் ஒரு பையன் வழுக்கி முழங்கால் சிராய்த்துக்கொண்டான். அதன் பிறகு பாடத்துக்கு முன் தரையை ஒருமுறை நடந்து பார்ப்பது கட்டாயமாகிவிட்டது.

இடைவேளையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே பேச வேண்டியிருக்கிறது. வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையை இடைவேளையில் உட்கார வைத்து எழுத வைக்கிறார்கள். பரீட்சை நெருங்கினால் விளையாட்டு பீரியட் கணக்குக்குப் போய்விடுகிறது. குறும்பு செய்தால் மைதானத்தை ஐந்து சுற்று ஓடச் சொல்கிறார்கள். ஓரிடத்தில் உட்கார முடியாமல் நெளிகிற பிள்ளைக்குத்தான் இடைவேளை மிகவும் தேவை. பறிபோவதும் அந்தப் பிள்ளைக்குத்தான். ஓடுவதைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, ஓட்டத்தின் மேல் ஆசை வர வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2013-லேயே, தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஃபின்லாந்துப் பள்ளிகளில் 45 நிமிடப் பாடத்துக்கு 15 நிமிட இடைவேளை என்பது நெடுநாள் வழக்கம். நாம் பேசிய பள்ளிகளில் சில இந்தத் தண்டனைகளை விட்டுவிட ஒப்புக்கொண்டன. மற்றவர்களிடம் தொடர்ந்து பேசுவோம்.

பெற்றோர் கூட்டங்களில், விளையாடினால் படிப்பு கெட்டுப்போகும் என்ற கவலையோடுதான் பலரும் வந்தார்கள். சராசரியாக ஒன்பதரை வயதுள்ள பிள்ளைகளை 20 நிமிடம் நடக்க வைத்து, பிறகு கவனச் சோதனை வைத்தபோது சரியான விடைகள் கூடியதைக் காட்டிய 2009-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வைச் சொன்னோம். கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது கண் பற்றிய செய்திதான். சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிப் பள்ளிகளில் மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வைத்திருந்தார்கள். மூன்று ஆண்டு முடிவில், வெளியில் இருந்தவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு. 2015-இல் வெளியான ஆய்வு இது. தைவான் 2010 முதலே நாளுக்கு 120 நிமிடம் வெளியில் என்பதைப் பள்ளிகளின் இலக்காக வைத்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கண்ணாடி போட்ட தன் மகனை அழைத்துவந்த ஒரு தாய், “இவனை இடைவேளையில் உள்ளே உட்கார வைக்க வேண்டாம் என்று நானே எழுதிக்கொடுக்கிறேன்” என்றார். எழுதியும் கொடுத்தார்.

மைதானமே இல்லாத பள்ளிகளுக்காக, ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் நகரத்தின் ஒரு தொடக்கப் பள்ளியில் 2012-இல் தலைமையாசிரியர் எலைன் வைலி தொடங்கிய ‘டெய்லி மைல்’ முறையை அறிமுகப்படுத்தினோம். தினமும் 15 நிமிடம், பள்ளி உடையிலேயே, அவரவர் வேகத்தில் ஓட்டமோ நடையோ. போட்டி கிடையாது, கருவி எதுவும் தேவையில்லை. இதில் ஒன்றைக் கண்டோம்: ஆசிரியரும் கூடவே நடக்கும் வகுப்பில் அது நிலைத்தது. நிழலில் நின்று விசில் ஊதிய வகுப்பில் ஒரே மாதத்தில் நின்றுபோனது.

காலில் வலுக்குறைவுள்ள ஒரு மாணவன் இரண்டு ஆண்டுகளாக ஸ்கோர் எழுதும் வேலையையே பார்த்துவந்திருக்கிறான். அன்பு காரணமாகக் கொடுத்த வேலைதான். ஆனாலும் அது இன்னொரு சுவரோரம். அவன் குழுவுக்குக் களத்தைச் சிறிதாக்கி, உட்கார்ந்தபடி எல்லோரும் ஆடும் பந்தாட்டமாக மாற்றினோம். அவன் கைவீச்சு மற்றவர்களைவிட நன்றாக இருந்தது.

செய்யாமல் விட்டவையும் உண்டு. முதல் இரண்டு வகுப்புகளுக்கு இந்த ஆண்டு நாம் எதுவும் செய்யவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் இடம் மாறிப்போன பள்ளிகளில் வேலை அப்படியே நின்றுவிட்டது. இனி ஒரு பள்ளிக்கு இரண்டு பேருக்காவது சேர்த்துப் பயிற்சி தர வேண்டும் என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறை ஒரு வகுப்புக்குப் போய், மிகக் குறைவாக அசையும் பிள்ளையின் நேரத்தை மட்டும் குறித்துவர வேண்டும் என்பது இரண்டாவது தீர்மானம். ஸ்டாப்வாட்ச் எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கிறது.

தங்கள் வகுப்பைத் திறந்துவைத்து நம்மை உள்ளே விட்ட ஆசிரியர்களுக்கும், மாலை நேரங்களில் உட்கார்ந்து காகிதப் பந்துகள் சுற்றிக்கொடுத்த பெற்றோருக்கும், மாற்றுக் கருத்து சொல்லியும் பயிற்சி நாட்களில் முதல் ஆளாக வந்து கயிறு தூக்கிய அந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்