சாய்ச்சா மட்டும் இட்டாலிக் ஆயிடாது

ஆசிரியருக்கு வணக்கம். ஃபான்ட் பத்தின உங்க கட்டுரையில இட்டாலிக்னா சாதா எழுத்தை லேசா சாய்ச்சு வைக்கிறதுன்னு போட்டிருந்தீங்க, அது சரியில்லைங்க. நல்ல செரிஃப் (எழுத்து முனையில சின்னக் கோடு வச்ச ஃபான்ட்) இட்டாலிக்ல ஆங்கில சின்ன 'ஏ'வைப் பாருங்க, மேல இருக்குற கொக்கி போயி வெறும் வட்ட வயிறா நிக்கும், 'எஃப்' பல ஃபான்ட்ல வரிக்குக் கீழ வாலை நீட்டும், ஏன்னா இதோட மூலமே கையெழுத்துதான். முதல் இட்டாலிக், 1501ல வெனிஸ்ல ஆல்டஸ் மனூட்டியஸ்ங்கிற பதிப்பாளர் போட்ட கையடக்க புக்ஸுக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃப்போங்கிற அச்செழுத்துக் கலைஞர் வெட்டிக் கொடுத்தது, அதுல கேப்பிடல் மட்டும் விறைப்பா நேரா நிக்கும், வேடிக்கையா இருக்கும்! அழைப்பிதழ், கவிதை, ஒரு சொல்லுக்கு அழுத்தம் இதுக்கெல்லாம் ரொம்ப அழகு, பக்கம் பூரா போட்டாதான் படிக்கக் கண்ணு கட்டும். அடுத்த தடவை கம்ப்யூட்டர் சாய்ச்சதையும் நிஜ இட்டாலிக்கையும் பக்கத்துல பக்கத்துல அச்சடிச்சுக் காட்டுங்க சார்.

— ஒரு வாசகர்