மூன்று பெயர்கள் மட்டும் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பந்தய நாட்களில் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வரும் குதிரைப் பந்தயப் பகுதியைப் பற்றி இந்தக் கடிதம். ஒவ்வொரு ரேஸுக்கும் மூன்று குதிரைகளின் பெயர், அன்றைக்கு ஒரு 'பெஸ்ட்' (அதிக நம்பிக்கையோடு சொல்லும் குதிரை), மறுநாள் முதல் நான்கு இடங்களும் டோட் டிவிடெண்டும் (பந்தயப் பணத் திரட்டிலிருந்து ஜெயித்தவருக்குக் கிடைத்த தொகை). இவ்வளவுதான் வருகிறது. அந்த மூன்று குதிரைகள் ஏன் என்று ஒரு வரி கிடையாது.

1974-இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்பானது. குதிரையின் வேகம், தாங்கும் சக்தி, பயிற்சி, ஜாக்கியின் திறமை ஆகியவைதான் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன, ஆகவே இது சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்றது நீதிமன்றம். இந்த நாட்டில் ரேஸ் நடப்பதற்கே அடிப்படை இந்தத் தீர்ப்பு. ஆனால் அந்தத் திறமையை எடைபோடத் தேவையான எதையும் அச்சிடாமல் பெயரை மட்டும் கொடுத்தால், வாசகர் கையில் மிஞ்சுவது லாட்டரிச் சீட்டுதான். இதை மாற்ற முடியும். அதிக இடமும் தேவைப்படாது.

முதலில் எடை. நம் நாட்டு ஹேண்டிகேப் பந்தயங்களில் (நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றிச் சமன்செய்யும் பந்தயங்கள்), குதிரையின் தரத்தைக் காட்டும் ரேட்டிங்கில் ஒரு புள்ளிக்கு அரை கிலோ. இது தெரிந்தால் பாதி ரேஸ் கார்டு புரிந்துவிடும். ஒரு கணக்கு சொல்கிறேன். 1600 மீட்டரில் 54 கிலோ சுமந்த ஒரு குதிரை, 57 கிலோ சுமந்த இன்னொன்றை இரண்டு லெங்த்தில் (லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) ஜெயிக்கிறது. ரேட்டிங் போடும் ஹேண்டிகேப்பர் ஜெயித்த குதிரைக்கு 8 புள்ளி ஏற்றுகிறார், தோற்றதைத் தொடவில்லை. மறுமுறை அதே தூரத்தில் சந்திக்கும்போது முதல் குதிரை 58, இரண்டாவது 57. முன்பு 3 கிலோ சலுகை வாங்கிய குதிரை இப்போது 1 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. மொத்த மாற்றம் 4 கிலோ. 1600 மீட்டரில் ஒரு லெங்த்துக்குத் தோராயமாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்று கொள்வது வழக்கம். ஆகவே 4 கிலோ என்பது நான்கு லெங்த்துக்கும் மேல்; முன்பு தோற்ற இரண்டைக் கழித்தால், கணக்குப்படி தோற்ற குதிரை இப்போது இரண்டு லெங்த்துக்கும் மேலாக முன்னே வரவேண்டும். 1000 மீட்டர் என்றால் ஒரு லெங்த்துக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ, 2400 என்றால் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தங்கள் பகுதியோ 'கடந்த முறை ஜெயித்தது' என்பதற்காகவே முதல் குதிரையை மேலே போடுகிறது. ஒவ்வொரு குதிரைக்கும் பக்கத்தில் கடந்த ரேஸின் எடை, இன்றைய எடை, ரேட்டிங் என்று மூன்று எண்களைச் சேர்த்தாலே வாசகர் இதைத் தானே போட்டுப் பார்த்துக்கொள்வார். அப்ரண்டிஸ் (பயிற்சி ஜாக்கி) ஏறினால் கழியும் சலுகை எடையையும் அங்கேயே காட்டிவிடலாம்.

அடுத்தது நேரம். ஜெயித்த குதிரையின் மொத்த நேரத்தை மட்டும் போடுவதால் பெரிய பயன் இல்லை. 1400 மீட்டரை 1 நிமிடம் 26 விநாடியில் இரண்டு குதிரைகள் ஜெயித்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரேஸில் முதல் 800 மீட்டர் 51 விநாடி, கடைசி 600 மீட்டர் 35. இன்னொன்றில் 49, 37. முதல் ரேஸ் மெதுவாகத் தொடங்கி, கடைசியில் வேகப் போட்டியாக முடிந்தது. அதில் முன்னால் நின்றவனுக்குச் சுலபம். கடைசியிலிருந்து வந்து மூன்றாமிடம் பிடித்த குதிரைதான் உண்மையில் நன்றாக ஓடியிருக்கிறது. இரண்டாவது ரேஸில் நிலைமை தலைகீழ்: வேகத்தைத் தாங்கி முன்னாலேயே நின்று மூன்றாவதாக வந்த குதிரையை அடுத்த முறை கவனிக்க வேண்டும். ஒரு விநாடிக்கு ஐந்து, ஆறு லெங்த் என்பதால் இந்த இரண்டு விநாடி வித்தியாசம் சாதாரணமானது அல்ல. கடைசி 600 மீட்டரின் நேரம் ஒன்றே ஒன்று, முடிவுகளோடு ஒரு எண்ணாகப் போட்டால் போதும்.

காலைப் பயிற்சிக் குறிப்புகளை மற்ற சில பத்திரிகைகள் '800/53, 600/38.5, மூவ்டு ஃப்ரீலி' (800 மீட்டர் 53 விநாடி, 600 மீட்டர் 38.5 விநாடி, தடையின்றி ஓடியது) என்று போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தமிழில் தருவது நல்ல காரியம். ஆனால் எந்தத் தடம் என்பதைச் சேர்க்காமல் தரவேண்டாம். உள் மணல் தடத்தில் 38 விநாடியும் வெளி மணல் தடத்தில் 38 விநாடியும் ஒன்றல்ல. மேலே இருந்தது ஜாக்கியா, கனமான ரைடிங் பாயா (பயிற்சி ஓட்டத்தில் ஏறுபவர்) என்பதும் முக்கியம். தனியாக ஓடியதா, ஜோடியாக ஓடியதா, ஜோடி என்றால் எது முன்னே முடித்தது என்பதும் வேண்டும். இவை இல்லாத காலைக் குறிப்பு வாசகரைத் தவறான பக்கம் இழுக்கும். இல்லாமல் இருப்பதே மேல்.

தரையின் நிலையும் அப்படித்தான். கிளப்புகள் பெனட்ராமீட்டர் அளவையும் (தரை எவ்வளவு மென்மை என்று காட்டுவது) ஃபால்ஸ் ரெயில் (உள்பக்கத் தற்காலிகத் தடுப்பு) எத்தனை மீட்டர் வெளியே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அறிவிக்கின்றன. மைசூரு, புனே போன்ற மழைக்கால சீசன்களில் இதைப் பார்க்காமல் பணம் கட்டுவது வீண். முதன்முறையாக பிளிங்கர் (கண் மறைப்பு) மாட்டியது, டங் டை (நாக்குக் கட்டு) போட்டது, புதிதாக ஜெல்டிங் ஆக்கப்பட்டது (காயடிக்கப்பட்டது), முந்தைய ஓட்டத்தில் மூக்கில் ரத்தம் வந்தது ஆகியவற்றுக்கு ஒவ்வொரு எழுத்துக் குறி போதும்.

இனி இனவிருத்தி. இங்கேதான் தமிழில் எழுதப்படுவது மிகக் குறைவு. எடைக் கணக்கு சில நேரம் பொய்க்கும். அதற்குப் பெரும்பாலும் காரணம், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் குதிரை. எது வளரும் என்று ஊகிக்கப் பிறந்த தேதியும் வம்சமும் வேண்டும். ஜனவரியில் பிறந்தாலும் ஏப்ரலில் பிறந்தாலும் நம் நாட்டில் தரோபிரெட் (பந்தய இன) குதிரைகளுக்கெல்லாம் ஜனவரி 1-ஆம் தேதிதான் வயது ஏறும் நாள். இரண்டு வயதில் ஓடும்போது மூன்று மாத வித்தியாசம் எலும்பிலும் தசையிலும் நன்றாகத் தெரியும். பெரியவர்களாகும்போது அது மறைந்துவிடும். ஆகவே ஏப்ரல் குட்டி ஒன்று ஆரம்பத்தில் சுமாராக ஓடியதை வைத்து அதை ஒதுக்கிவிடக் கூடாது.

தகப்பன் பெயரை மட்டும் போடுவதும் பாதிச் செய்தி. 2010-இல் அயர்லாந்தின் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் எம்மலின் ஹில் குழுவினர், தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவில் ஒரு மாறுபாடு குதிரைக்குப் பொருத்தமான தூரத்தோடு தொடர்புடையது என்று காட்டினார்கள். சி-சி வகை குறுந்தூரம், சி-டி நடுத்தூரம், டி-டி நெடுந்தூரம். இதில் ஒரு பிரதி தகப்பனிடமிருந்து, மற்றது தாயிடமிருந்து. உதாரணமாக மல்டிடைமென்ஷனல், டேன்ஹில்லின் மகன், ஐரோப்பாவில் 2000 மீட்டர் சுற்றளவில் ஜெயித்த குதிரை. அதன் குட்டி என்றாலே 2400 மீட்டர் டெர்பிக்குத் தயார் என்று எழுதிவிடுகிறார்கள். தாய் வெறும் 1200 மீட்டர் வேகக்காரியாக இருந்தால் கதை வேறு. தாயின் பெயர், தாயின் தகப்பன் பெயர், அதே தாயின் மற்ற குட்டிகள் ஜெயித்த அதிகபட்ச தூரம் ஆகியவற்றை ஒரு வரியில் தரலாம். குறிப்பாக மும்பை மகாலட்சுமியில் பிப்ரவரியில் நடக்கும் இந்தியன் டெர்பிக்கு முன்னால் இது மிக அவசியம். ஓடும் குதிரைகளில் பல அந்தத் தூரத்தை அதற்குமுன் ஓடியிருக்காது. வம்சத்தைத் தவிர வேறு சாட்சியமே இல்லை.

வெளிநாட்டு விந்தை இறக்குமதி செய்து செயற்கைக் கருவூட்டல் செய்கிறார்கள் என்று சில கட்டுரைகளில் பார்க்கிறேன். தரோபிரெட் இனத்தில் அது உலகெங்கும் தடைசெய்யப்பட்டது. நேரடிச் சேர்க்கையில் பிறக்காத குட்டியை ஸ்டட் புக்கில் (இனப் பதிவேட்டில்) பதிவு செய்யவே முடியாது. அதனால்தான் நம் பண்ணைகள் ஆண் குதிரையையே விலைகொடுத்து வாங்கி வருகின்றன, அல்லது சினையான பெட்டையைக் கொண்டுவருகின்றன. சினைக்காலம் சுமார் பதினொரு மாதம். ஒரு ஸ்டாலியன் (இனவிருத்தி ஆண் குதிரை) வந்திறங்கி அதன் முதல் குட்டி ரேஸில் கால்வைக்க மூன்றரை வருடமாவது ஆகும். பண்ணைக்காரர் அதுவரை கையைக் கடித்துக்கொண்டு செலவழிக்க வேண்டியதுதான்.

பணம் கட்டுவதைப் பற்றிய உண்மையையும் தங்கள் பகுதி சொல்ல வேண்டும். கட்டும் முழுத் தொகையின் மீதும் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். இந்த வரியைப் பந்தயத் தொகையின் மேல் சேர்த்துக் கட்டும்போது 100 ரூபாய் ஆட்டத்துக்கு 140 ரூபாய் போகிறது. ஈவன் மணி (கட்டியதற்குச் சமமான லாபம்) ஃபேவரிட் (ஜெயிக்கும் என்று அதிகம் பேர் எதிர்பார்க்கும் குதிரை) ஜெயித்தால் வருவது 200. லாபம் 60 மட்டும். வரி இல்லாவிட்டால் பாதி தடவை ஜெயித்தால் கைக்காசு நிற்கும். இப்போது 70 சதவீதம் ஜெயிக்க வேண்டும். ஐந்து ரூபாய்க்கு இரண்டு ரூபாய் லாபம் என்று போகும் ஃபேவரிட் ஜெயித்தாலும் வருவது அதே 140. அதாவது ஜெயித்தும் ஒரு பைசா லாபம் இல்லை. அப்படிப்பட்ட குதிரையைத் தங்கள் பகுதி 'பெஸ்ட்' என்று போடும்போது வாசகரை எங்கே அனுப்புகிறீர்கள் என்று யோசிக்க வேண்டும்.

இதற்கு மேல் புக்கியின் (பந்தயப் பணம் வாங்குபவரின்) பங்கு. ஐந்து குதிரை ஓடும் ரேஸில் ஆட்ஸ் (6-4 என்றால் 4 ரூபாய் கட்டினால் 6 ரூபாய் லாபம்) 6-4, 2-1, 4-1, 6-1, 10-1 என்றால் அவற்றைச் சதவீதமாக்கினால் 40, 33.3, 20, 14.3, 9.1. கூட்டினால் 116.7. நூறுக்கு மேல் இருக்கும் அந்த 16.7-தான் ஆட்டக்காரர் தலையில் விழும் சுமை. பெரிய தொகை ஜெயித்தால் 30 சதவீத வருமான வரிப் பிடித்தமும் உண்டு. மற்ற நாள் தோற்ற பணத்தை அதில் கழிக்க அனுமதி இல்லை. இவ்வளவும் சேரும்போது தினமும் எல்லா ரேஸிலும் ஆடி யாரும் பிழைக்க முடியாது. எட்டு ரேஸில் ஆறை விட்டுவிடுவதுதான் சரியான ஆட்டம். தங்கள் டிப்ஸ் பகுதி 'இந்த ரேஸில் கைவைக்க வேண்டாம்' என்று ஒருமுறைகூட எழுதியதில்லை. தயவுசெய்து எழுதத் தொடங்குங்கள். வரி கட்டாத கள்ளப் புக்கியிடம் போகலாம் என்று நினைப்பவருக்கும் ஒரு வரி சொல்லுங்கள்: அங்கே ஜெயித்த பணம் வராவிட்டால் கேட்க எந்த இடமும் இல்லை, அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் குதிரைக்குத் தீவனமாகவோ பரிசுத் தொகையாகவோ திரும்புவதில்லை.

ஒன்றை மட்டும் வருத்தத்தோடு சொல்கிறேன். 2024-இல் ஊட்டி, கிண்டி ரேஸ்கோர்ஸ் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டபோது ஏக்கர் கணக்கும் குத்தகை பாக்கியும் விரிவாக வந்தன. அங்கே லாயங்களில் இருந்த குதிரைகள், அவற்றைப் பார்த்துக்கொண்ட சயிஸ்கள், லாடம் அடிப்பவர்கள் நிலை என்ன என்று பார்க்க நிருபர் போகவில்லை. ஓடும்போது குதிரை கால் ஒடிந்து விழுந்தாலும் முடிவுகளில் 'முடிக்கவில்லை' என்ற ஒரே சொல்லோடு விட்டுவிடுகிறீர்கள். எந்தத் தூரத்தில் விழுந்தது, தரை எப்படி இருந்தது, பிழைத்ததா என்பதை எழுதுவது ரேஸுக்கு எதிரான செய்தி ஆகாது. குதிரையை நேசிக்கும் ஒவ்வொருவரும் முதலில் தேடுவது அதைத்தான்.

இடம் இல்லை என்றால், மூன்று பெயர்ப் பெட்டியை எடுத்துவிட்டு, அன்றைய முக்கியமான ஒரே ஒரு ரேஸுக்கு மட்டும் மேலே சொன்ன எண்களைப் போட்டுத் தொடங்கலாம். பெங்களூரு குளிர்கால சீசனின் ஒரு சனிக்கிழமையை இதற்கு எடுத்துக்கொண்டால், எட்டுப் பத்துக் குதிரைகளுக்கு ஆளுக்கு இரண்டு வரி வீதம் கால் பத்திக்குள் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
குதிரைப் பந்தய ரசிகர்,
சென்னை.