புளியமரமும் பத்திரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாவலில் அரசியல் எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்களைக் குமரி மாவட்டத்துக்கு வரச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் நிலப் பத்திரம் ஒன்று இருக்கிறது. எழுத்து மலையாளம், தேதி மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டு. ஓரத்தில் பேனாவால் போட்ட கையெழுத்து மட்டும் தமிழ். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததற்கு முன்பு, 1954இல் அந்த இணைப்பைக் கேட்டுப் போராடியவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்ததைப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் சொல்லிவிடும். அந்தக் கையெழுத்தைப் போடும்போது தாத்தா என்ன நினைத்தார் என்பதை நாவலாசிரியன்தான் சொல்ல முடியும்.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் கட்சி முழக்கம் இல்லை. கடைக்காரர்களின் போட்டியும் நகராட்சித் தேர்தலும் சேர்ந்து ஒரு மரத்தைப் பட்டுப்போகச் செய்கின்றன. அரசியல் அங்கே வேர் வழியாக இறங்குகிறது. தோப்பில் முஹம்மது மீரானோ தன் கடலோர ஊரான தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சை அப்படியே எழுதினார். மீரான் நாவலில் வரும் பெரிய வீட்டு முதலாளியின் அதிகாரம் எவ்வளவு என்பதை, அவர் முன் மற்றவர்கள் பேசும் விதத்திலேயே கேட்டுவிடலாம். அடிக்குறிப்பு போட்டு அந்த மொழியைப் 'புரியவைக்க' முனைபவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

அண்மையில் வரும் சில நாவல்களில் பாத்திரங்கள் தலையங்கம் வாசிக்கின்றன. சாயா குடிக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை.

ஒரு வாசகர்,
தக்கலை