எண்ணெய்க்குக் கூடினீர்கள், புகைக்கு எப்போது?

மலேசிய, இந்தோனேசியச் சுற்றுச்சூழல் அமைச்சர்கள் இருவருக்கும் வணக்கம்.

ஜொகூர் மாநிலத்துத் தங்காக்கிலிருந்து எழுதுகிறேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், எதிரே குனோங் லேடாங் மலை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மலை கண்ணில் படவில்லையென்றால், மலாக்கா நீரிணைக்கு அக்கரையில் சுமத்ரா எரிகிறது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். 2013 ஜூன் 23 அன்று பக்கத்து மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டியது. மூவாருக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் (அப்போது லேடாங் என்று பெயர்) அவசரநிலை அறிவித்தார்கள். 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பது அரசாங்கத்தின் கணக்கு.

குறியீடு 200ஐத் தாண்டினால் பள்ளிக்கூடத்தை மூடுகிறீர்கள், நல்லது. பழம் வெட்டுகிறவருக்கு ஏது லீவு? டன் கணக்கில் சம்பளம், வெட்டாத நாளில் காசு இல்லை. துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு போகிறார்கள். பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) இந்தோனேசியத் தம்பிகளும் அதே புகையைத்தான் குடிக்கிறார்கள். அந்த நாட்டின் மேல் எங்களுக்கு வழக்கு ஒன்றுமில்லை.

காம்புட் நிலத்தில் (மக்கிய செடிகொடிகள் சேர்ந்த சதுப்பு மண்) வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், காய்ந்த மண் அடியிலேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே எவ்வளவு ஊற்றினாலும் அடங்காது. எல் நினோ வறட்சியும் சேர்ந்துகொண்டால் 1997, 2015 மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆசியான் புகைமூட்ட ஒப்பந்தம் 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. ஜகார்த்தா நாடாளுமன்றம் அதை ஏற்க 2014 ஆயிற்று. மீறினால் தண்டனை என்று அதில் எதுவும் கிடையாது. 2019இல் புகை வந்தபோது தீ யாருடையது என்று இரு தரப்பு அமைச்சர்களும் வாதாடினார்கள். தீ எரிந்ததற்காக இந்தோனேசியா சீல் வைத்த நிலங்களில் மலேசிய நிறுவனங்களின் துணை நிறுவனங்களும் இருந்தன. அக்கரையில் மலேசிய முதலீடும் எரிகிறது. லாபம் வரும் வழியிலேயே புகையும் வருகிறது.

கூடிப் பேச உங்களுக்குத் தெரியாமல் இல்லை. புகையில் திணறிய அதே 2015இல், நவம்பரில், செம்பனை எண்ணெய் உற்பத்தி நாடுகளின் மன்றத்தை இரு அரசுகளும் சேர்ந்து தொடங்கின. உலகச் செம்பனை எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உங்கள் கையில். ஐரோப்பிய விதிகளை எதிர்க்க ஒரே குரலில் பேசுகிறீர்கள், காது கொடுத்துக் கேட்கவும் செய்கிறார்கள். அந்த மேசையிலேயே புகையையும் வையுங்கள்.

எந்த நிலம் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்ற வரைபடத்தை இரு நாடுகளும் பொதுவில் போடட்டும். தீப்புள்ளிகளைச் செயற்கைக்கோள் காட்டுகிறது; உரிமையாளர் பெயர்தான் தெரிவதில்லை. வெளிநாட்டில் எரித்தாலும் நிறுவனத்தைப் பிடிக்கும் சட்டம் சிங்கப்பூரில் 2014 முதல் இருக்கிறது. 2019இல் அப்போதைய மலேசியப் பிரதமரும் இப்படியொரு சட்டம் பற்றிச் சொன்னார், பிறகு பேச்சோடு சரி. புகை நாளில் வேலை நின்றாலும் வெட்டுகாரரின் கூலி நிற்காமலிருக்க இரு கரைக்கும் ஒரே விதி போடுங்கள். எனக்கு இதுதான் முதலில் வேண்டும், வரைபடம் பிறகு வந்தாலும் சரி.

பதிலை மலாயிலேயே எழுதலாம், லயத்தில் எல்லோரும் படிப்போம்.

இப்படிக்கு,
தங்காக் தோட்டவாசி ஒருவர்